போனவனுக்கு எதுக்குய்யா பஸ் லிஸ்ட்?

ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் ஒன்பது வருஷம் சூப்பர்வைசரா இருந்தேன். விட்டுட்டு வந்து ரெண்டு வருஷம் ஆகப் போகுது. இப்போ அரக்கோணத்துக்குப் பக்கத்துல நெல்லும் மல்லாட்டையும்தான் (உங்க ஊர் பாஷையில வேர்க்கடலை). ஆனா அந்தக் கம்பெனியைப் பொறுத்தவரை நான் இன்னும் கேட்டைத் தாண்டவே இல்ல. வாரத்துக்கு நாலு மெயிலாவது வருது. ஐ.டி. கார்டு போடாதவங்களுக்கு அரை நாள் சம்பளம் கட்டாம். நாளைக்கு ஆடிட், எல்லாரும் எட்டு மணிக்கு ஆஜராகணுமாம். போன தீபாவளிக்கு போனஸ் அறிவிப்புகூட வந்துச்சு. போனஸ் வரல.

டெலிட் பண்ணிட்டுப் போப்பா, இதுக்கு ஒரு பதிவான்னு கேப்பீங்க. சென்னையில ஐ.டி. வேலையில இருக்கிறவங்களுக்கு அப்படித்தான் தோணும். நீங்க வேலையை விடுற அன்னைக்கே உங்க ஆபீஸ் மெயிலை மூடிடுவாங்க. தோல் பெல்ட்ல, வாணியம்பாடி ஆம்பூர்ல இருந்து ராணிப்பேட்டை வரைக்கும், லைன்ல வேலை செய்றவங்களுக்கு ஆபீஸ் மெயில்னு ஒண்ணு ஏது? சேரும்போது சொந்த நம்பரையும் ஜிமெயிலையும் வாங்கி ஒரு பட்டியல்ல ஏத்துவாங்க. ஏத்துறதுக்கு ஆள் உண்டு, எடுக்குறதுக்கு ஆள் கிடையாது.

எனக்கு வர்ற குப்பையைப் பத்தி மட்டும் இருந்தா நானும் சும்மா இருந்திருப்பேன். மாசாமாசம் ஒரு பஸ் லிஸ்ட் வருது. ஷூ கம்பெனிகள்ல தையல் லைன் முழுக்கப் பெண்கள்தான். சோளிங்கர், பாணாவரம், நெமிலி சுத்துல இருக்கிற ஊருங்கள்ல இருந்து கம்பெனி பஸ்ல போய் வர்றாங்க. அந்த லிஸ்ட்ல யார் எந்த ஸ்டாப்புல எத்தனை மணிக்கு ஏறுறாங்க, எப்போ இறங்குறாங்க, போன் நம்பர் என்ன, எல்லாம் இருக்கு. இருட்டுல தனியா இறங்கி நடந்து போற பொண்ணோட விவரம், வேலையை விட்டுப் போன ஒருத்தன் கையில எதுக்கு? எனக்கு வருதுன்னா, சண்டை போட்டு வெளியே அனுப்பின ஆளுக்கும் வருமில்ல?

நிறுத்தச் சொல்லி ரெண்டு தடவை எழுதினேன். 'இந்த முகவரிக்குப் பதில் அனுப்ப வேண்டாம்'னு திரும்பி வந்துச்சு. நேர்ல போனேன். ஹெச்.ஆர்.ல இருந்த பொண்ணு மரியாதையாத்தான் பேசுச்சு: "அது சிஸ்டத்துல இருந்து தானா போகுது சார்." மாடு கயித்தை அவுத்துக்கிட்டு அடுத்தவன் கொல்லியில மேய்ஞ்சா, 'தானா போச்சு'ன்னு எங்க ஊர்ல சொல்லிப் பாருங்க. பட்டியில அடைச்சு, தண்டம் கட்டினாத்தான் மாட்டை விடுவாங்க.

தண்டம் சட்டத்துலயும் இருக்கு. 2023 ஆகஸ்ட்ல டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. எதுக்காக விவரம் வாங்கினாங்களோ அந்த வேலை முடிஞ்சா அதை அழிக்கணும். பாதுகாக்கத் தவறினா 250 கோடி ரூபாய் வரைக்கும் அபராதம். ஆனா விதிகள் வரவே 2025 நவம்பர் ஆச்சு, அதுக்கப்புறமும் முக்கியமான கடமைகளுக்கு 18 மாசம் அவகாசம் குடுத்திருக்காங்க. பி.எஃப்., சம்பளக் கணக்கெல்லாம் பல வருஷம் வெச்சிருக்கணும்னு கம்பெனிக்காரங்க சொல்வாங்க. வெச்சிருக்கட்டும், பீரோவுல வெச்சிருக்கட்டும். மெயில் லிஸ்ட்ல எதுக்கு?

இந்த வாதம் எங்க பக்கத்துக்குப் புதுசும் இல்ல. தோல் கழிவு பாலாத்துல கலந்த வழக்குல, 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் குடுத்த தீர்ப்பு, மாசு பண்ணினவனே சுத்தம் பண்ற செலவையும் ஏத்துக்கணும்னு சொல்லுச்சு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கு அது. தண்ணிக்கு ஒத்துக்கிட்ட நியாயம் போன் நம்பருக்கு ஆகாதா? சேர்த்தது நீ, பட்டியலைச் சுத்தம் பண்ண வேண்டியவனும் நீதான். நான் எதுக்கு ஒவ்வொண்ணா டெலிட் பண்ணணும்?

இன்னொரு வயித்தெரிச்சல். இத்தனை மெயில் அனுப்பத் தெரிஞ்சவங்களுக்கு, என்னோட பி.எஃப். கணக்குல வேலையை விட்ட தேதியைப் போட ஏழு மாசமா நேரம் கிடைக்கல. 2020-ல இருந்து, விட்டு ரெண்டு மாசம் ஆனா தொழிலாளியே போர்ட்டல்ல அந்தத் தேதியைப் போட்டுக்கலாம். நான் போட்டுக்கிட்டேன். ஆனா ஓ.டி.பி. ஆதார்ல இருக்கிற நம்பருக்குத்தான் வரும். என்கூட வேலை செஞ்ச அக்கா ஒருத்தங்க கல்யாணத்துக்கு அப்புறம் நம்பர் மாத்தினவங்க. ஆதார்ல பழைய நம்பர், அது இப்போ யார்கிட்ட இருக்குன்னே தெரியல. தேதிக்காக இன்னும் அலையிறாங்க. அவங்களுக்கும் ஐ.டி. கார்டு மெயில் மட்டும் தவறாம வருது.

போன வாரம் ஸ்பீடு போஸ்ட்ல ஒரு கடிதம் போட்டிருக்கேன், மேனேஜிங் டைரக்டர் பேருக்கு. பஸ் லிஸ்ட் காப்பியையும் சேர்த்துத்தான், பெண்கள் பேரையும் நம்பரையும் கறுப்பு மையில அடிச்சுட்டு. அந்த அக்காவோட தேதியையும் அதுலயே கேட்டிருக்கேன். இதைப் படிக்கிறவங்கள்ல ஹெச்.ஆர். ஆளுங்க யாராவது இருந்தா, உங்க கம்பெனி மெயில் லிஸ்டை ஒரு தடவை திறந்து, அதுல எத்தனை பேர் இன்னும் உங்ககிட்ட வேலை செய்றாங்கன்னு எண்ணிப் பாருங்க. பதில் வந்தா அடுத்த பதிவுல சொல்றேன். நாத்து பறிக்க ஆள் வந்துட்டாங்க.