மருந்து அறைக்குள் காப்பீட்டு நிறுவனமும் வரட்டும்

சிவகாசி வட்டாரத்தில் ஒரு பட்டாசு ஆலை வெடித்தால் பிறகு நடப்பதெல்லாம் ஊருக்கே மனப்பாடம். உரிமையாளர் மீதும் போர்மேன் மீதும் வழக்கு, உரிமம் ரத்து, அரசு நிவாரணம். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் சுமார் 40 பேர் மாண்டபோதும், 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்திலும், 2025 ஜூலை 1 அன்று சின்னக்காமன்பட்டியிலும் கண்டது இதைத்தான். அச்சங்குளத்தில் இறந்தவர் குடும்பத்துக்குத் தலா 20 லட்சம் ரூபாய் தரும்படி தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. ஆலையும் போய், கடனும் தலைக்கு மேல் நிற்கும் ஒரு சிறு முதலாளி அதை எங்கிருந்து எடுப்பார்? பட்டாசுத் தொழிலுக்கென்று மறுகாப்பீட்டின், அதாவது காப்பீட்டு நிறுவனத்துக்கே காப்பீடு தரும் ஏற்பாட்டின், பின்பலத்தோடு தனிக் காப்பீட்டுத் தொகுப்பு ஒன்று வேண்டும். இழப்பீட்டைவிட, அதோடு வரும் கண்காணிப்புக்காகவே அது வேண்டும் என்பேன்.

யோசனை புதிதல்ல. சிவகாசித் தீப்பெட்டி ஆலைத் தொழிலாளர் ஒவ்வொருவரையும் 50,000 ரூபாய்க்குக் காப்பீடு செய்ய வேண்டும், பிரீமியத்தை முதலாளியே கட்ட வேண்டும் என்று 1990 அக்டோபரிலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இவ்வளவு ஆபத்தான தொழிலை யார் ஏற்பார்கள் என்ற கேள்விக்கும் விடை உண்டு: சாதாரண நிறுவனம் ஒதுங்கிக்கொள்ளும் ஆபத்தை விலை போட்டு ஏற்பதுதான் லண்டன் லாயிட்ஸ் போன்ற சிறப்புக் காப்பீட்டுச் சந்தைகளின் பிழைப்பு. ஒருவரே தாங்க முடியாத சுமையை மறுகாப்பீட்டாளர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். நம்மிடமும் முன்மாதிரி உண்டு. 2001 நியூயார்க் தாக்குதலுக்குப் பிறகு பயங்கரவாத ஆபத்திலிருந்து வெளிநாட்டு மறுகாப்பீட்டாளர்கள் பின்வாங்கியதும், 2002-ல் இந்திய நிறுவனங்கள் சேர்ந்து ஒரு தொகுப்பு அமைத்தன. 2015-ல் அணு உலைகளுக்கு 1,500 கோடி ரூபாயில் இன்னொன்று வந்தது. இரண்டையும் நிர்வகிப்பது அரசின் மறுகாப்பீட்டு நிறுவனமான ஜிஐசி ரீ. அணு உலைக்கு முடிந்தது பட்டாசுக்கு முடியாதா?

தொழிலாளர்களுக்கு அரசுக் காப்பீடான இஎஸ்ஐ இருக்கிறதே என்பார்கள். இஎஸ்ஐ பணம் தரும். வெடிமருந்து கலக்கும் மருந்து அறையை எட்டிப் பார்க்காது. விபத்து பிறப்பதோ அங்கேதான்: வெயில் ஏறியபின் மருந்து கலப்பது, மிஞ்சிய மணிமருந்தை (உருண்டையாக்கிய வெடிமருந்தை) மறுநாளுக்கு வைப்பது, நாலு பேர் அறையில் பத்துப் பேர் உட்காருவது, இடம் போதாமல் மரத்தடியில் திரி சொருகுவது. மத்திய வெடிபொருள் துறை தரும் நாக்பூர் லைசென்ஸோ, மாவட்ட வருவாய் அலுவலர் தரும் டிஆர்ஓ லைசென்ஸோ, கொடுத்த அதிகாரிக்கு ஆலை வெடித்தால் கைக்காசு போவதில்லை. காப்பீட்டாளருக்குப் போகும்; அதனால் அவரே வந்து சோதிப்பார். நீராவிக் கொதிகலன்கள் அடிக்கடி வெடித்த அமெரிக்காவில், 1866-ல் ஹார்ட்ஃபோர்டில் தொடங்கிய கொதிகலன் காப்பீட்டு நிறுவனம் பொறியாளரை அனுப்பிச் சோதித்த பிறகே பாலிசி கொடுத்தது. பிற்பாடு அந்த நிறுவனத்தையே உலகின் பெரிய மறுகாப்பீட்டு நிறுவனங்களுள் ஒன்றான மியூனிக் ரீ வாங்கிக்கொண்டது.

பிரீமியம் சிறிய ஆலைகளை நசுக்கிவிடும் என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் உரிமம் புதுப்பிக்கும்போதே எல்லா ஆலைகளையும் ஒரே தொகுப்பில் சேர்த்தால் சுமை பரவும்; ஒழுங்காக நடத்துபவருக்குக் கட்டணமும் குறையும். இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. விதிமீறல் நடந்தது என்று காட்டி நிறுவனம் கைவிரித்துவிட்டால்? உள்குத்தகைக்கு விட்ட ஆலையில் பெயரே பதிவேட்டில் இல்லாத பெண்ணின் குடும்பம் யாரைக் கேட்கும்? வாகன விபத்து வழக்குகளில் நீதிமன்றங்கள் இதற்கு ஒரு வழி கண்டிருக்கின்றன: காப்பீட்டு நிறுவனம் முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுக்கட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும். அந்த விதியைப் பட்டாசுத் தொகுப்பிலும் எழுத்தில் வைக்க வேண்டும். அதுவும் பதிவேட்டுக் கணக்குப்படி அல்லாமல், விபத்தின்போது வளாகத்துக்குள் இருந்த அனைவருக்குமாக. வீடுகளில் திருட்டுத்தனமாக நடக்கும் பட்டாசு வேலையை இந்தத் தொகுப்பு எட்டாது. அது காவல்துறையின் பாடு.