கொடி பிடிக்கப் போனாள் பெண்

"அம்மா, சனிக்கிழமை ராத்திரி நாங்க நாலு பேரும் கொடி பிடிக்கப் போறோம்" என்று பெண் சொன்னதும், என் அக்காளின் கையிலிருந்த தோசைத் திருப்பி நழுவி விழுந்தது.

"கொடியா? எந்தக் கட்சிக் கொடி? காலேஜிலே ஸ்டிரைக்கா, கண்ணு?"

சகோதரிகளே, போன மாதம் நான் தர்மபுரிக்குப் போயிருந்த சமயம் நடந்த சம்பாஷணை இது. அக்காள் குடித்தனம் இருப்பது குமாரசாமிப்பேட்டையில். ஒரே பெண். செட்டிக்கரையில் 2013-ஆம் வருஷம் அரசாங்கம் தொடங்கிய பொறியியற் கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் எடுத்து இரண்டாவது வருஷம் படிக்கிறாள். 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில், எழுத்தறிவிலே தமிழ்நாட்டு மாவட்டங்களுக்குள் கடைசியாக நின்றது தர்மபுரி. ஏழு வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 68 பேருக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். பத்தாவதோடு தன் படிப்பு நின்றுபோன ஆற்றாமையை அக்காள் பெண்ணைப் படிக்க வைத்துத் தீர்த்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் பெண் கொடி பிடிக்கிறேன் என்றால் பயம் வராதா?

"கட்சிக் கொடி இல்லேம்மா! கம்ப்யூட்டருக்குள்ளே ஒளிச்சு வெச்ச கொடி. அதைத் தேடி எடுக்கிற போட்டி" என்று சிரித்தாள் பெண்.

எனக்கும் விஷயம் புதிதுதான். கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். கம்ப்யூட்டர்களைத் திருடர்களிடமிருந்து காக்கும் வித்தையைப் பிள்ளைகள் பழகுவதற்கென்று ஏற்பட்ட பந்தயம் இது. 'கேப்சர் தி ஃப்ளாக்' என்று பெயர். அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் நகரத்து 'டெஃப் கான்' மாநாட்டில் 1996-இல் ஆரம்பித்தது. இப்போது வாராவாரம் உலகத்தில் எங்கேயாவது ஓர் இடத்தில் நடக்கிறதாம். கொடி என்பது துணியல்ல. ஒரு வரி ரகசிய எழுத்து. போட்டி நடத்துகிறவர்கள் அதை ஒரு படத்துக்குள்ளேயோ, ஓர் இணையப் பக்கத்தின் பின்புறத்திலேயோ, புரியாத எழுத்துக் குவியலிலேயோ வேண்டுமென்றே ஓட்டைப் பூட்டுப் போட்டு ஒளித்து வைப்பார்கள். ஓட்டை எங்கே என்று கண்டுபிடித்து அந்த வரியை எழுதி அனுப்பினால் மார்க்கு.

இன்னொரு தினுசும் உண்டு. அதில் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு கம்ப்யூட்டரைக் கொடுத்துவிடுவார்கள். தன்னுடையதைக் காத்துக்கொண்டே பிறருடையதற்குள் புக வேண்டும். நம் சடுகுடுவேதான்! அதியமான் கோட்டை கட்டி ஆண்ட தகடூர் அல்லவா இன்றைய தர்மபுரி? கோட்டையைக் காக்கும் கவலை இந்த ஊருக்குப் புதிதா என்ன?

"சித்தி, நீங்களே ஒண்ணு போட்டுப் பாருங்க" என்று லாப்டாப்பை என் பக்கம் திருப்பினாள் பெண். திரையில் இங்கிலீஷ் எழுத்துக்கள் தாறுமாறாகக் கிடந்தன. நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு விழித்தேன். பின்னாலிருந்து அக்காள் எட்டிப் பார்த்தாள்.

"ஏண்டி, இது நம்ம க-பாஷை மாதிரி இல்லே?"

உங்களில் எத்தனை பேர் சிறு வயதில் அந்தப் பாஷை பேசியிருக்கிறீர்களோ! ஒவ்வோர் எழுத்துக்கு முன்னாலும் ஒரு 'க' போடுவது. 'நீ வா' என்பதற்கு 'கநீ கவா'. பாட்டிக்குத் தெரியாமல் மாங்காய் பறிக்கப் போவதற்கு நாங்கள் இதில்தான் திட்டம் போடுவோம். பாட்டிக்கு எல்லாம் புரிந்திருந்தது என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

அக்காள் சொன்னது சரிதான். இந்தப் புதிரில் ஒவ்வோர் எழுத்தையும் பதின்மூன்று இடம் தள்ளி எழுதியிருந்தார்கள். இங்கிலீஷில் எழுத்துக்கள் 26. ஆகவே இன்னும் ஒரு பதின்மூன்று இடம் தள்ளினால் பழைய எழுத்தே வந்துவிடும். ரோமாபுரி ஜூலியஸ் சீசர் மூன்று இடம் தள்ளிக் கடிதம் எழுதினானாம். அக்காள் நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் எழுத்துக்களை வரிசையாக எழுதி, விரல் விட்டு எண்ணி, கால் மணி நேரத்தில் கொடியைப் பிடித்துவிட்டாள்!

ஆனாலும் அவள் முகம் தெளியவில்லை. "விளையாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா பூட்டை உடைக்கிற வித்தைதானே இது? நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆயிட்டா?"

அசட்டுக் கேள்வி அல்ல இது. பதிலாக நான் அவளுக்குச் சொன்ன கதை உண்மைக் கதை. லக்ஷ்மண் முத்தையா என்பவர் சென்னைக்காரர். 2019-இல் அவர் இன்ஸ்டாகிராம் பூட்டை ஆராய்ந்து பார்த்தார். கடவுச்சொல்லை மறந்துவிட்டால் ஆறு இலக்கத்தில் ஓர் எண் டெலிபோனுக்கு வருகிறதல்லவா? ஆறு இலக்கமென்றால் மொத்தம் பத்து லட்சம் எண்கள். பத்து நிமிஷத்துக்குள் சரியான எண்ணைப் போட வேண்டும். ஒரே இடத்திலிருந்து திரும்பத் திரும்ப முயன்றால் கதவை அடைத்துவிடுகிறார்கள். ஆயிரம் இடங்களிலிருந்து ஒரே சமயத்தில் முயன்றால்? அடைக்கவில்லை! இரண்டு லட்சம் எண்களை அப்படி அனுப்பிக் காட்டினார். அதை வைத்து யார் வீட்டிலும் அவர் நுழையவில்லை, கம்பெனிக்கு எழுதினார். இப்படிக் குறை கண்டு சொல்கிறவர்களுக்குச் சன்மானம் உண்டு என்று அவர்களே அறிவித்திருந்தார்கள். ஓட்டையை அடைத்தார்கள், 30,000 டாலர் கொடுத்தார்கள். அன்றைய கணக்கில் சுமார் 20 லட்சம் ரூபாய். (எல்லாருக்கும் இப்படிக் கிடைக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். வருஷக் கணக்காக உட்கார்ந்து ஒன்றும் அகப்படாதவர்களே அதிகம்.)

ஆகவே போட்டிக்காரர்கள் 'உடை' என்று கொடுத்த பூட்டை உடைக்கலாம். சொந்தக்காரர் சம்மதித்த பூட்டையும் சோதிக்கலாம். பக்கத்து வீட்டு வைஃபை, காலேஜ் மார்க்குப் பதிவேடு, சிநேகிதியின் டெலிபோன் ஆகியவற்றின் கிட்டே போகக் கூடாது. 2000-ஆம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி, அனுமதியின்றிப் பிறர் கம்ப்யூட்டருக்குள் நுழைந்தால் நஷ்டஈடு கொடுக்க நேரும். கெட்ட எண்ணத்தோடு செய்தாலோ மூன்று வருஷம் வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம். வீட்டில் இப்படிப் படிக்கும் பிள்ளை இருந்தால் இதை ஒரு தரம் உட்கார வைத்துச் சொல்லிவிடுங்கள். பெண் இந்தச் சட்டத்தை என்னைவிட நன்றாகவே ஒப்பித்தாள்.

அப்புறந்தான் அக்காள் உள்ளே போய், அரிசி டப்பாவுக்கடியிலிருந்து ஒரு நோட்டீஸை எடுத்து வந்தாள். 'சைபர் பாதுகாப்பு, ஆறு மாதப் பயிற்சி, வேலை நிச்சயம், நாற்பதாயிரம் ரூபாய்.' இரண்டு வளையல்களை அடகு வைப்பதென்று மனத்துக்குள் தீர்மானம் செய்து வைத்திருக்கிறாள். பெண்ணுக்கே தெரியாது. அந்த இடத்தின் பெயர் நமக்கு வேண்டாம். நானே டெலிபோன் செய்து, யார் பாடம் நடத்துகிறார்கள், போன வருஷம் படித்தவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள், 'வேலை நிச்சயம்' என்பதை எழுத்தில் தருவீர்களா என்று மூன்று கேள்வி கேட்டேன். மூன்றுக்கும் ஒரே பதில்தான் வந்தது: "இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ளே முன்பணம் கட்டினா சலுகை உண்டு, மேடம்."

வளையலைக் கழற்றாமலே கற்றுக்கொள்ள எவ்வளவோ இருக்கிறது. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்துக் கார்னகி மெலன் சர்வகலாசாலை 2013 முதல் 'பிக்கோ சி.டி.எஃப்.' என்று ஒன்று நடத்துகிறது. பதின்மூன்று வயது நிரம்பியவர் யாரும் சேரலாம், கட்டணம் கிடையாது. போட்டி இல்லாத நாட்களிலும் பழைய புதிர்களைப் போட்டுப் பழகலாம். பெரிய கம்ப்யூட்டரும் தேவையில்லை. சாதாரண லாப்டாப்பும் இணைய இணைப்பும் போதும். அக்காள் விடுவித்தது இந்த மாதிரிப் புதிர்தான். நம் பக்கத்திலேயே, கோயமுத்தூரைத் தலைமை இடமாகக் கொண்ட அமிர்தா சர்வகலாசாலையார் 2010-இல் 'இன் சி.டி.எஃப்.' போட்டியைத் தொடங்கினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கென்று தனிப் பிரிவும் ஏற்படுத்தினார்கள். அங்கே படிக்கும் பெண்கள் மட்டுமே சேர்ந்த 'சக்தி' என்ற குழு, பெண்களை இந்தத் துறைக்கு இழுப்பதற்காகவே 2020-இல் 'சக்தி சி.டி.எஃப்.' என்ற போட்டியை ஆரம்பித்தது. பாடமாகக் கேட்க வேண்டுமென்றால் ஐ.ஐ.டி. ஆசிரியர்களின் 'என்.பி.டி.இ.எல்.' வகுப்புக்களை வீட்டிலிருந்தபடியே இலவசமாகக் கேட்கலாம். பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்குவதானால்தான் பணம். 2022 மார்ச்சில் தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் என்ன பாடம் இருக்கிறது என்று பிள்ளைகளை அவரவர் கல்லூரியிலேயே விசாரிக்கச் சொல்லுங்கள். இவ்வளவையும் பார்த்த பிறகு, அதற்கும் மேலே தேவைப்பட்டால் பணம் கட்டுவதைப் பற்றி யோசிக்கலாம்.

சனிக்கிழமை வந்தது. பாலக்கோட்டிலிருந்து ஒருத்தி, பென்னாகரத்திலிருந்து ஒருத்தி, அரூரிலிருந்து ஒருத்தி. மூன்று பேரின் தாய்மார்களும் டெலிபோனில் அக்காளிடம் பேசி உறுதி வாங்கிக்கொண்ட பிறகே அனுப்பினார்கள். போட்டி ஒரு பகலும் ஓர் இரவும். கூடத்தில் பாயை விரித்து, நாலு லாப்டாப்புக்களையும் வட்டமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். எதிர் வீட்டு மாமி இரண்டு தரம் தயிர் கடன் கேட்க வந்து, இரண்டு தரமும் கூடத்தைப் பார்த்துவிட்டுப் போனாள்.

இரவு ஒரு மணிக்கு மின்சாரம் போயிற்று. டெலிபோன் வழியாக இணைப்பை ஏற்படுத்திக்கொண்டு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தொடர்ந்தார்கள். இரண்டு மணிக்கு அக்காள் எழுந்து கேழ்வரகு அடை தட்டிப் போட்டாள். கொண்டு வந்த தட்டுடன் தானும் பாயில் உட்கார்ந்தவள்தான். விடியும் வரை எழுந்திருக்கவில்லை. "அந்தப் படத்திலே மூலையிலே ஏதோ மாதிரி இருக்கே, பாருங்க" என்று நடுநடுவே யோசனை வேறு!

ஆறு கொடிகள் கிடைத்தன. அந்தப் படத்துக்குள் இருந்த கொடி மட்டும் கடைசி வரை கைக்கு அகப்படவில்லை. பட்டியலில் இவர்கள் குழு எங்கே இருக்கிறது என்று தேடக் கொஞ்ச நேரம் பிடித்தது. முந்நூறுக்கும் கீழே. பென்னாகரத்துப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "முதல் தடவை அடைகூட இப்படித்தான் பிய்ஞ்சு வரும்" என்றாள் அக்காள்.

நான் ஊர் திரும்பிய மூன்றாம் நாள் அக்காளிடமிருந்து டெலிபோன் வந்தது.

"அந்தப் படக் கொடி நேத்து ராத்திரி கிடைச்சுட்டுதுடி! போட்டி முடிஞ்சு போச்சே, இனிமே மார்க்கு கிடையாதாம். அப்படியும் நாலும் டெலிபோனிலே கத்தின கத்தலிலே எனக்குக் காது அடைச்சுப் போச்சு. அது சரி, அடுத்த போட்டி அடுத்த மாசமாம். கஎ கப்போ கவ கரே?"