61 கிலோ தகராறு!

விடிஞ்சா தெர்மோடைனமிக்ஸ் இன்டர்னல். ராத்திரி ரெண்டு மணிக்கு எங்க ஹாஸ்டல் ரூம்ல என்ன நடந்துச்சு தெரியுமா மக்களே? ‘எல்லாக் காலத்துக்கும் பெஸ்ட் லைட்வெயிட் பாக்ஸர் யாரு?’னு அடிதடி! லைட்வெயிட்னா 135 பவுண்டு. அதாவது, 61 கிலோ சொச்சம். உங்க க்ளாஸ் பசங்கள்ல பாதிப் பேர் எடை. (மெஸ் சாப்பாடு சாப்பிடுறவங்க இன்னும் கீழே!)

ரூம்மேட் கட்சி, ரொபர்ட்டோ டுரான். பனாமாக்காரர். 1972-ல் நியூயார்க்கில் கென் புக்கனனைத் தோற்கடித்து சாம்பியன் ஆனபோது வயசு 21. நம்ம ஃபைனல் இயர் சீனியர் வயசு! 1979-ல் தானாக விட்டுக்கொடுக்கும் வரை 12 தடவை பட்டத்தைக் காப்பாத்தினார். புக்கனன் சண்டை முடிஞ்ச விதம்தான் கொஞ்சம் இடிக்கும். 13-வது ரவுண்டு முடியிற நேரத்துல இடுப்புக்குக் கீழே விழுந்த அடின்னு புக்கனன் பிறகும் சொல்லிட்டேதான் இருந்தார்.

என் கட்சி, அமெரிக்காவின் பெர்னல் விட்டேக்கர். முன்னாடியே நிப்பார், ஆனா அடி விழாது. விலாங்கு மீன்! 1988-ல் பாரீஸில் ராமிரெஸிடம் தோத்துட்டதா நடுவர்கள் தீர்ப்பு சொன்னாங்க. பார்த்தவங்க தலையில அடிச்சுக்கிட்டாங்க. அடுத்த வருஷமே அதே ராமிரெஸை ஜெயிச்சார். 1990-ல் மூணு அமைப்புகளோட பட்டமும் அவர் கையில்.

பதில் சொல்ல முடியாம பய 1980-க்குத் தாவினான். “சுகர் ரே லெனர்டையே டுரான் ஜெயிச்சாருடா!” நான் விடுவேனா? “அதே வருஷம் நவம்பர்ல, எட்டாவது ரவுண்டுல, ‘போதும்’னு திரும்பி நடந்தாரே, அது?” கத்தி முடிச்ச பிறகுதான் உறைச்சுது. ரெண்டுமே 147 பவுண்டு சண்டை! கெமிஸ்ட்ரி மார்க்கை மேத்ஸ்ல கூட்ட முடியுமா? ரெண்டையும் அழிச்சோம். இந்த ரூல்படி, 1938-ல் ஒரே நேரத்தில் மூணு எடைப் பிரிவு பட்டங்களை வெச்சிருந்த ஹென்றி ஆர்ம்ஸ்ட்ராங்கும் அவுட். லைட்வெயிட் பட்டம் அவரிடம் இருந்தது ஒரே வருஷம்.

சரி, எடை ஒண்ணு. ஆட்டம் ஒண்ணா? டுரான் ஆடினது 15 ரவுண்டு. விட்டேக்கர் பட்டத்துக்கு ஆடினது 12. ஏன் குறைச்சாங்கன்னு தேடினேன். அதுக்கும் காரணம் ஒரு லைட்வெயிட் சண்டைதான். 1982 நவம்பர், லாஸ் வேகாஸ். கொரியாவின் கிம் டுக்-கூ, ரே மான்சினியிடம் 14-வது ரவுண்டில் விழுந்தார். சில நாளில் செத்துப்போனார். அதுக்கப்புறம்தான் ஒவ்வொரு அமைப்பா 12-க்கு இறங்கிச்சு. அதைப் படிச்சதும் ரூம்ல கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

அப்போதான் இன்னொரு பேர் கிடைச்சுது. ஜோ கான்ஸ். 1902-ல் பட்டம் ஜெயிச்சவர். அமெரிக்காவில் பிறந்த கறுப்பினத்தவர்களில் முதல் உலக சாம்பியன். 1906-ல் நெவாடாவின் கோல்ட்ஃபீல்டில், செப்டம்பர் வெயிலில், பேட்லிங் நெல்சனோடு சண்டை. ரவுண்டுக்குக் கணக்கே கிடையாது, ஒருத்தர் விழுற வரைக்கும். இப்போ முதல் நாளே எடை பார்த்துடுறாங்க. ராத்திரி முழுக்கத் தின்னு ஏத்திக்கலாம். கான்ஸுக்கு சண்டை அன்னிக்கே எடை, அதுவும் 133 பவுண்டு, ஆடுற உடுப்போடு! சாம்பியன் அவர்தான். ஆனா, நெல்சனுக்குக் கிடைச்ச பணத்துல ஏறக்குறைய பாதிதான் அவருக்கு. 42-வது ரவுண்டில் நெல்சன் இடுப்புக்குக் கீழே அடிக்க, கான்ஸ் ஜெயிச்சதா அறிவிச்சாங்க. நாலே வருஷத்துல, 35 வயசில், காசநோயில் இறந்துட்டார்.

யோசிச்சுப் பார்த்தா, நாங்க அதுவரைக்கும் பாக்ஸர்களுக்கு ரேங்க் போடலை. கலர் வீடியோவுக்குப் போட்டுட்டு இருந்திருக்கோம். பென்னி லெனர்டையும் அப்படித்தான் மறந்திருந்தோம். (இவர் வேற லெனர்ட்!) 1917-ல் இருந்து 1925-ல் ஓய்வு பெறும் வரைக்கும் சாம்பியன். அவர் பட்டம் ஜெயிச்சப்போ நியூயார்க்கில் பாயின்ட் தீர்ப்புக்கே சட்டத்துல இடமில்லை. சாம்பியனைச் சாய்ச்சாதான் பட்டம் மாறும். ஃப்ரெடி வெல்ஷை அப்படித்தான் சாய்ச்சார்.

என் லிஸ்ட்: கான்ஸ், டுரான், லெனர்ட், விட்டேக்கர். ஆமா, என் ஆளை நானே நாலாவதா தள்ளிட்டேன். அழுகையா வருது!

ரூம்மேட் சும்மா இருப்பானா? 1900-ஐத் தோண்டி எடுத்துட்டான். சிகாகோவில் டெரி மெக்கவர்னிடம் ரெண்டாவது ரவுண்டிலேயே கான்ஸ் விழுந்தார். வேணும்னே விழுந்தார்னு அன்னிக்கே பேச்சு. “விலைபோன ஆளுக்கு முதலிடமா?”ன்னான். கறுப்பு பாக்ஸருக்குச் சண்டை கொடுக்கிறதும் பறிக்கிறதும் வெள்ளைக்காரங்க கையில் இருந்த காலம்டா, ‘விழு’ன்னா விழாம என்ன பண்ணுவான்னு கேட்டேன். “மத்தவங்களும் பசியோடதான் ஆடினாங்க”ன்னான். எனக்குப் பதில் வரலை.

லிஸ்ட் இப்போ எங்க அலமாரிக் கதவுல தொங்குது. கான்ஸ் பேர் முதல்ல. பக்கத்துல, அவன் சிவப்புப் பேனாவுல போட்ட கேள்விக்குறி. இன்னும் அழிக்கலை. இன்டர்னலா? அதைக் கேக்காதீங்க பாஸ்!