பல்லாங்குழியும் 40 மணி நேரமும்

காதில் ஹெட்போன் மாட்டினால் பிள்ளைக்குக் காது கேட்காமலே போய்விடும் என்று மட்டும்தான் அவர் எழுதவில்லை. மற்றதெல்லாம் எழுதிவிட்டார். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளை வளர்ப்பது எப்படி என்று சென்ற இதழில் நான்கு பக்கத்துக்கு வந்த அந்தக் கட்டுரையை மூன்று முறை படித்தேன். முதல் முறை கோபம் வந்தது. இரண்டாம் முறை சிரிப்பு. மூன்றாம் முறை படித்ததற்குக் காரணம் என் மாமியார். அந்தப் பக்கங்களைக் கிழித்து மடித்து, காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். "ஏத்தா, இவனோட இப்பிடி வெளையாடக் கூடாதாமே, கெட்டுப் போவானாமே" என்றார். அன்று மாலை பல்லாங்குழி பரணுக்குப் போனது.

என் மகனுக்கு 9 வயது. இரண்டு நாள் பரணைப் பார்த்துக்கொண்டு அதன் கீழேயே நின்றான். அதனால்தான் இந்த எதிர்வினை. இல்லாவிட்டால், அடுத்த வீட்டுப் பிள்ளையை வளர்க்கத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர், இவர் ஆயிரத்து ஒன்றாமவர் என்று போயிருப்பேன்.

அவர் வாதத்தை நேர்மையாகவே சுருக்குகிறேன். ஆட்டிசம் பெருகக் காரணம் செல்போனும், வேலைக்குப் போகிற அம்மாவும். காதை மூடும் ஹெட்போன், சுவரில் ஒட்டும் பட அட்டவணை, படம் காட்டிக் கேட்கும் அட்டைகள் எல்லாம் ஊன்றுகோல்கள். பழகிவிட்டால் பிள்ளை ஆயுளுக்கும் விடாது. விளையாட்டு என்பது கண்டிக்கத் தெரியாத பெற்றோர் தேடிக்கொண்ட சாக்கு. பிள்ளையை நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணைப் பார்க்கவைத்து, வாரம் 40 மணி நேரம் பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடும். அவசரக்காரர்களுக்கு அவரே 21 நாள் முகாம் நடத்துகிறார், கட்டணம் நேரில்.

செல்போனை முதலில் முடித்துவிடுவோம், அதற்கு அதிக நேரம் தேவைப்படாது. மாஸ்கோவில் குரூன்யா சுகரேவா என்ற மனநல மருத்துவர் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி எழுதியது 1925இல். அமெரிக்காவில் லியோ கானர் 11 பிள்ளைகளைப் பற்றிய தன் புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டது 1943இல். அந்த 11 பேரின் அம்மாக்கள் எந்த ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று கட்டுரையாளர் சொன்னால் தெரிந்துகொள்வேன். அம்மாவைக் குற்றக் கூண்டில் ஏற்றுவதும் அவர் கண்டுபிடித்ததில்லை. பாசமில்லாத தாயால்தான் பிள்ளை இப்படி ஆகிறது என்று புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் ஒரு தடித்த புத்தகமே போட்டார். 'ஃப்ரிட்ஜ் அம்மாக்கள்' என்று அந்தக் காலத்துத் தாய்மார்களுக்குப் பட்டம் வேறு. ஆனால் அதற்கு மூன்று ஆண்டு முன்னதாகவே, 1964இல், ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் அப்பாவான பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர் அந்த வாதத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டிருந்தார். 2019இல் ஐந்து நாடுகளில் 20 லட்சம் பிள்ளைகளின் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு, ஆட்டிசத்தில் பரம்பரையின் பங்கு ஏறத்தாழ 80 சதவீதம் என்றது. நம் ஆள் ஃப்ரிட்ஜை எடுத்துவிட்டு அந்த இடத்தில் செல்போனை வைத்திருக்கிறார். குற்றவாளி மட்டும் அதே அம்மாதான். அப்பாவுக்கு அப்போதும் விடுதலை, இப்போதும் விடுதலை. சின்னப் பிள்ளை கையில் நாளெல்லாம் போன் இருப்பது நல்லதில்லை என்கிறாரா, ஒப்புக்கொள்கிறேன். அது எந்தப் பிள்ளைக்கும் நல்லதில்லை.

ஊன்றுகோலுக்கு வருவோம். இங்கேதான் அவர் ஊர்க்காரர்கள் மனசில் இருப்பதை எழுதியிருக்கிறார். அதனாலேயே இது ஆபத்து.

எங்கள் வீட்டில் குக்கர் ஏறினால் என் மகன் முன்பெல்லாம் வாசலுக்கு ஓடுவான். விசில் வந்ததும் காதைப் பொத்திக்கொண்டு தரையில் தலையை முட்டுவான். கட்டுரையாளர் சொல்கிற 'பழக்கப்படுத்துதல்' வைத்தியத்தை நாங்களும் பார்த்தோம். கையைப் பிடித்துக்கொண்டு அடுப்படியிலேயே நிற்கவைத்தோம். ஒரு மாதத்தில் அவன் பழகியது ஒன்றே ஒன்று: குக்கரைப் பார்த்தாலே வாந்தி எடுப்பது. சித்திரை வெயிலில் கொதிக்கிற தார் ரோட்டில் வெறுங்காலோடு நிறுத்தினால் பாதம் பழகிவிடும் என்று அவர் தன் பேரனை நிறுத்துவாரா? செருப்பு ஊன்றுகோல்தானே?

பிறகு மாற்றிக்கொண்டோம். குக்கர் வைக்கும் முன் அவனிடம் காட்டி, "மூணு விசில்" என்று மூன்று விரலைக் காட்டுவேன். ஹெட்போன் அடுப்படிக் கதவின் ஆணியில் தொங்கும். முதலில் நான் மாட்டிவிட்டேன். பிறகு அவனே எடுத்து மாட்டினான். இப்போது ஹெட்போனோடு கதவோரம் நின்று விரல் விட்டு எண்ணுகிறான். மூன்றாவது முடிந்ததும் அடுப்பை அணைக்கச் சொல்லி என் சேலையை இழுக்கிறான். பல நாள் நான் மறந்துபோய் அடிபிடிக்க இருந்த பருப்பைக் காப்பாற்றியவன் அவன். ஓடிப்போன பிள்ளையை அடுப்படி வரை கொண்டுவந்து நிறுத்திய பொருளுக்குத்தான் ஊன்றுகோல் என்று பெயர் என்றால், இருந்துவிட்டுப் போகட்டும்.

சுவரில் ஒட்டிய படங்களும் அப்படித்தான். பல் தேய்ப்பது, குளியல், இட்லி, வேன் என்று வரிசையாக ஒட்டியிருக்கிறோம். முடிந்ததைக் கழற்றிக் கீழே உள்ள டப்பாவில் போடுவான். வேன் வராத நாளில் அந்தப் படத்தை முன்னாலேயே எடுத்துவிட்டு ஆட்டோ படம் ஒட்டிவிட்டால், காலையில் ஒரு கலவரம் குறையும். கட்டுரையாளர் கைப்பையில் டைரி வைத்திருப்பார் என்று நினைக்கிறேன். அதை எடுத்துக் கிழித்துவிட்டு ஞாபகத்தை 'பலப்படுத்த' யாரும் அவரைச் சொல்வதில்லை.

படம் காட்டிக் கேட்கவைத்தால் வாய் திறக்காது என்கிறாரே, அது வெறும் ஊகம். பேசுவதற்கு மாற்றான இத்தகைய வழிகளால் பேச்சு என்ன ஆகிறது என்று ஆய்வுகளைத் திரட்டி 2006இல் ஒரு தொகுப்பு வந்தது. நம்பகமான முறையில் நடந்த ஆய்வுகளில் இருந்த 27 பேரில் ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை, பெரும்பாலோருக்குக் கூடியது. 27 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். அவர் பக்கம் இருக்கும் எண்ணிக்கை பூஜ்யம். சட்டத்தையும் அவருக்கு நினைவுபடுத்தலாம். ஆட்டிசத்தையும் சேர்த்து 21 குறைபாடுகளைப் பட்டியலிட்ட 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஒருவருக்குத் தேவையான நியாயமான மாற்றங்களைச் செய்துதர மறுப்பதையே பாகுபாடு என்கிறது. அவர் கண்டிப்பு என்று சொல்வதற்குச் சட்டத்தில் வேறு பெயர் இருக்கிறது.

சரி, அந்த 40 மணி நேரம். இந்த எண் எங்கிருந்து வந்தது என்று அவர் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். ஓலே ஐவர் லோவாஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1987இல் வெளியிட்ட ஆய்வு. வாரம் 40 மணி நேரப் பயிற்சி பெற்ற 19 பிள்ளைகளில் 9 பேர் மற்றப் பிள்ளைகளைப் போல ஆகிவிட்டார்கள் என்றது. எந்தப் பிள்ளை எந்தக் குழுவில் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கவில்லை. பயிற்சியாளர் கிடைப்பதைப் பொறுத்து நடந்தது. பயிற்சியில் அதட்டலும், சில சமயம் தொடையில் அடியும் உண்டு. அதே லோவாஸின் ஆய்வுக்கூடத்தில் பிள்ளைகளை அறைவதையும் மின்சார அதிர்ச்சி கொடுப்பதையும் 1965இலேயே லைஃப் பத்திரிகை படத்தோடு போட்டது. அந்தத் துறையே இன்று அங்கிருந்து வெகுதூரம் நகர்ந்துவிட்டது. நம்மவர் மட்டும் 1987இலேயே இறங்கிக்கொண்டார்.

நாங்கள் போகும் இடத்தில் 45 நிமிடத்துக்கு 600 ரூபாய். 40 மணி நேரம் என்றால் வாரத்துக்கு 32,000. பணத்தை விடுங்கள், நாலு வயதுப் பிள்ளைக்கு வாரம் 40 மணி நேரம் என்பது ஆபீஸ் போகிறவரின் வேலை நேரம். ஞாயிறு, தீபாவளி போனஸ் எல்லாம் உண்டா?

விளையாட்டு சாக்கு என்றவருக்காக, பல்லாங்குழியில் என்ன நடந்தது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அவனுக்கு அப்போது 5 வயது. புளியங்கொட்டையை ஒரு குழியிலிருந்து அள்ளி இன்னொன்றில் கொட்டுவான்; சத்தத்தைக் கேட்பான்; திரும்ப அள்ளுவான். ஒரு மணி நேரம் இதே. நான் "இப்பிடி இல்லடா கண்ணா" என்று விதி சொல்லப் போனால் எழுந்து போய்விடுவான். அவனுடைய ஸ்பீச் தெரபிஸ்ட் ஒரு யோசனை சொன்னார்: சொல்லித்தராதீர்கள், நீங்களும் கொட்டுங்கள். எதிரே உட்கார்ந்து நானும் அள்ளிக் கொட்டினேன். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, கை நிறையக் கொட்டையோடு குழிக்கு மேலே அப்படியே நிறுத்திவிட்டேன். அவன் காத்திருந்தான். கொட்டவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக் குழியை நோக்கி அழுத்தினான். அழாமல், முட்டாமல், என்னிடம் அவன் கேட்ட முதல் காரியம் அது. ஸ்டான்லி கிரீன்ஸ்பன் என்ற மருத்துவர் தரையில் உட்கார்ந்து பிள்ளையின் போக்கிலேயே போவதை ஒரு முறையாக வகுத்து 'ஃப்ளோர்டைம்' என்று பெயர் வைத்தார் என்பது பிறகுதான் தெரியும். எங்கள் வீட்டில் எப்போதும் தரையில்தான் உட்காருவோம்.

பிறகு குழிக்கு ஒரு கொட்டை. அள்ளிப் பழகிய கை, இரண்டு விரலால் ஒன்றை மட்டும் எடுக்க வேண்டும். ஆக்குபேஷனல் தெரபி வகுப்பில் மாதக்கணக்கில் முயன்றும் வராத பிடி, ஏனென்றால் அங்கே எடுப்பதற்குக் காரணம் ஏதும் இல்லை. இங்கே குழி காத்திருக்கிறது. அதே பிடியோடுதான் சட்டைப் பித்தானுக்குப் போனோம். மற்ற எல்லாவற்றையும் நான் போட்டுவிட்டு, கடைசி ஒன்றை அவனுக்கு விடுவேன். அடுத்த மாதம் கடைசி இரண்டு. கீழிருந்து மேலே ஏற எட்டு மாதம் ஆனது. (கொட்டை வாய்க்குள் போகாமல் ஒருவர் கண்ணைக் கொட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், இதையும் சொல்லிவிடுகிறேன்.)

முறை வைத்து ஆடுவது கடைசியாக வந்தது, அதுவும் என் மாமியாரால். அத்தை ஆட்டத்தில் திருடுவார். ஐம்பது வருடப் பழக்கம். ஒருநாள் அவன் பக்கத்துக் குழியில் நாலு சேர்ந்தது. நாலு சேர்ந்தால் பசு, குழிக்காரருக்குச் சொந்தம். அத்தை ஒன்றும் தெரியாதவர் போல அதையும் தன் பக்கம் தள்ளினார். "பசு!" என்று ஒரு கத்தல். அதுவரை டிவி விளம்பரங்களைத் திருப்பிச் சொல்வதைத் தவிர பேசாத பையன், தனக்கு உரியதைத் தன் சொல்லால் கேட்டான். அத்தை அழுதார். எடுத்ததை மட்டும் கொடுக்கவில்லை.

பெற்றோர் விளையாடுவது சிகிச்சையா என்று கேட்பவருக்கு, அமெரிக்காவுக்குப் போகாமலே பதில் இருக்கிறது. கோவாவிலும் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வு 2016இல் அச்சானது. நிபுணர்கள் இல்லாமல், பயிற்சி பெற்ற சாதாரணச் சுகாதாரப் பணியாளர்கள், பிள்ளையோடு விளையாடும்போது அதன் போக்கை எப்படிக் கவனித்து மறுமொழி கொடுப்பது என்று பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பெற்றோரின் மறுமொழி மேம்பட்டது. பிள்ளைகள் தாமாகப் பெற்றோரிடம் ஒன்றைச் சொல்லவோ கேட்கவோ முன்வருவது கூடியது. எல்லாமே கூடிவிடவில்லை, இருவரும் சேர்ந்து ஒன்றில் கவனம் வைக்கும் நேரம் குறைந்திருந்தது. அதை அந்த ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். தன் முறையில் குறைந்தது எது என்றும் எழுதுகிறவர்களைத்தான் நான் நம்புவேன். 21 நாள் முகாமில் குறைவது எது என்று கட்டுரையில் ஒரு வரி இல்லை.

கண்ணைப் பார்க்கவைப்பது பற்றியும் ஒரு வார்த்தை. பெரியவர்களைக் கண்ணுக்குக் கண் பார்த்தால் திமிர் என்று தலையில் குட்டி வளர்த்த ஊர் நம் ஊர். இவனுக்கு மட்டும் முகத்தைத் திருப்பிப் பிடித்து, பாரு பாரு என்பது எதற்கு? ஆட்டிசத்தோடு வாழும் ஜான் எல்டர் ராபிசன் 2007இல் எழுதிய தன் வரலாற்றுக்கு, சிறுவயதில் தன்னிடம் ஓயாமல் சொல்லப்பட்ட அந்தக் கட்டளையையே தலைப்பாக வைத்தார். பார்த்துக்கொண்டே கேட்பது அவருக்குக் கஷ்டம். பார்க்காமல் இருந்தால் நன்றாகக் கேட்கும். என் மகனும் அப்படியே. பயிற்சி அவனுக்கு, திருப்தி பார்ப்பவர்களுக்கு. கட்டுரை முழுக்க இதுதான் ஓடுகிறது: கல்யாண வீட்டில் கையை உதறாமல் இருக்க வேண்டும், பஸ்ஸில் சத்தம் போடாமல் வர வேண்டும், விருந்தாளி முன்னால் உட்கார வேண்டும். பிள்ளைக்கு எது வலிக்கிறது, எது பிடிக்கும் என்று நான்கு பக்கத்தில் ஒரு இடத்தில்கூட இல்லை.

ஒன்றில் அவர் சொல்வது சரி. அம்மாக்கள் களைத்துப் போயிருக்கிறோம். விளையாடக்கூடத் தெம்பில்லாமல் போனைக் கொடுத்துவிட்டுப் படுத்த மாலைகள் எனக்கும் உண்டு. அதற்கு 40 மணி நேரம் மருந்தாகாது. இரண்டு மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் கிடைத்தால் ஆகும்.

நேற்று நாற்காலி போட்டுப் பரணிலிருந்து பல்லாங்குழியை இறக்கினேன். அத்தை காலண்டருக்குப் பின்னால் இருந்த காகிதத்தை எடுத்து, புளியங்கொட்டை மடித்து வைக்க நன்றாக இருக்கிறது என்றார். கட்டுரையாளருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரமிருந்தால் வரட்டும். செருப்பை வாசலில் ஜோடியாக விட வேண்டும். இல்லாவிட்டால் என் மகன் எழுந்து போய்ச் சரிசெய்துவிட்டுத்தான் ஆடுவான். அவர் கண்ணை அவன் பார்க்க மாட்டான். அவர் குழியில் எத்தனை இருக்கிறது என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பான்.