மூளை விஞ்ஞானமும் எமது ஈமானும்: மடவளையிலிருந்து ஒரு நிலைப்பாடு

கண்டிப் பக்கத்து மடவளையில் ஆசிரியர்கள், தாதியர், மௌலவிமார், பெற்றோர் எனப் பலரும் கூடிப் படிக்கும் வட்டமொன்றின் நிலைப்பாடு இது. உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்கிறார்கள்: தொழுகையில் கிடைக்கும் அமைதியும் திக்ரில் வரும் உருக்கமும் மூளை நரம்புகளின் வேலைதான் என்றால், ஈமான் என்று மிஞ்சுவது என்ன? அப்படிக் கேட்பவரின் வாயை அடைப்பது எளிது. ஆனால் அடக்கிய கேள்வி அந்தப் பிள்ளையின் மனதில் தனியே வளரும்.

மனிதன் இறைவனை நினைக்கும்போது மூளையில் நடப்பதை விஞ்ஞானம் தாராளமாக ஆராயட்டும். இறைவன் இருக்கிறானா என்பதை அந்த ஆய்வு தீர்க்காது. ஆனால் மூளை நோயும் மன நோயும் உள்ளவர்களை நாம் நடத்தும் விதத்தை அது மாற்றியே ஆகவேண்டும். எமக்கு மிக முக்கியமானது இந்தக் கடைசி விடயம்தான்.

ஆய்வுகள் உண்மையில் சொல்வதைப் பார்ப்போம். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியலாளர் வி. எஸ். ராமச்சந்திரன், பொட்டெலும்புப் பக்கத்து மூளை மடலில் வலிப்பு வரும் இருவரைச் சோதித்தார். கையில் உணர்கருவி பொருத்தி, சாதாரணச் சொற்கள், வன்முறைச் சொற்கள், பாலியல் சொற்கள், மதச் சொற்கள் ஆகியவற்றைக் காட்டி, தோலின் வியர்வை மாற்றத்தை அளந்தார். மற்றவர்களை உலுக்கும் பாலியல் சொற்கள் இவர்களை அவ்வளவாக அசைக்கவில்லை; மதச் சொற்களுக்கோ உடல் பலமாகப் பதில் கொடுத்தது. இதிலிருந்து கடவுள் உண்டு என்றோ இல்லை என்றோ முடிவுகட்ட முடியாது என்று அவரே எழுதினார். 2006இல் மொன்றியலில் 15 கார்மலைட் கன்னியாஸ்திரிகளை ஸ்கேன் செய்த மரியோ பொரகார், "கடவுளுக்கான இடம்" என்று தனியே ஒன்றைக் காணவில்லை. மூளையின் பல பகுதிகள் சேர்ந்தே இயங்கின. தலைக்கவசத்தில் மெல்லிய காந்தப்புலம் செலுத்தி "அருகில் யாரோ இருக்கும்" உணர்வை வரவழைக்கலாம் என்றார் கனடாவின் மைக்கல் பெர்சிங்கர். சுவீடனின் உப்சாலாவில் அதையே திரும்பச் செய்தவர்கள், காந்தப்புலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அனுபவம் மாறவில்லை என்று 2005இல் வெளியிட்டார்கள். பிறர் சொல்வதை எளிதில் ஏற்கும் சுபாவமுள்ளவர்களுக்கே அந்த உணர்வு அதிகம் வந்தது.

பேராதனைப் பூங்காவில் ஒரு மரத்தைப் பார்க்கும்போதும் மூளையின் பின்பகுதி இயங்குகிறது. அதனால் அங்கே மரம் இல்லை என்று எவரும் சொல்வதில்லை. அதே நேரம் கனவில் மரத்தைக் கண்டாலும் மூளை இயங்குகிறது. ஆகவே மூளை இயங்குவதை வைத்து நம்பிக்கையை நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

இதை எமது மிம்பர்களுக்கும் சொல்லவேண்டும். அல் அலக் அத்தியாயத்தில் வரும் "நாஸியா" (முன்நெற்றி) என்பதை மூளையின் முன்மடலோடு பொருத்தி, குர்ஆன் நரம்பியலை முன்பே சொல்லிவிட்டது என்று பேசும் பயான்கள் பரவலாகிவிட்டன. பேசுவோரின் நோக்கத்தை நாம் சந்தேகிக்கவில்லை. ஆனால் மூளை ஆய்வு வருடா வருடம் திருத்தப்படும் துறை. 2009இல் அமெரிக்க ஆய்வாளர் கிரேக் பெனட்டும் சகாக்களும் செத்த சால்மன் மீனொன்றை ஸ்கேனில் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டினார்கள். கணக்கைச் சரியாகத் திருத்தாதபோது அந்த மீனின் மூளையும் "இயங்கியது". ஸ்கேன் படத்தைக் கண்மூடி நம்பவேண்டாம் என்று சக ஆய்வாளர்களை எச்சரிக்கவே அதைச் செய்தார்கள். இப்படிப்பட்ட துறையில் வசனத்தைக் கட்டிவைத்தால், நாளை ஆய்வு மாறும்போது பிள்ளையின் மனதில் வசனமும் சேர்ந்து ஆடும்.

கண்டியின் உடவத்தகெலே காட்டில் வாழ்ந்த ஞானபோனிக்க தேரரின் தியான நூல் மேற்கு நாடுகளுக்குப் போனது. இன்று தியானம் ஆய்வுகூடங்களிலும் சிகிச்சையிலும் இடம்பிடித்துவிட்டது. கண்டிக்கு அது பெருமை. அதைப் பார்த்து, திக்ருக்கும் ஸ்கேன் சான்றிதழ் தேடி நாம் போட்டிக்கு இறங்கவேண்டியதில்லை.

இனி நோயாளிகளின் விடயம். வலிப்பு வந்த பிள்ளைக்கு "ஜின் பிடித்திருக்கிறது" என்று தண்ணீர் ஓதிக் கொடுத்து, தாயத்துக் கட்டி, மாதக்கணக்கில் வைத்தியரிடம் காட்டாமல் வைத்திருக்கும் குடும்பங்கள் இன்னும் உண்டு. வுழூச் செய்யும்போது கையை, முகத்தை, மீண்டும் மீண்டும் கழுவி, தோல் வெடித்து, ஜமாஅத்தையும் தவறவிட்டு அழும் இளைஞனிடம் "வஸ்வாஸ்தான், ஈமானைப் பலப்படுத்து" என்று மட்டும் சொல்லி அனுப்புகிறோம். அவன் ஈமான் குறைந்தவன் அல்லன். அவனுக்கு இருப்பது சிகிச்சையுள்ள ஒரு நோயாக இருக்கலாம். 934இல் வபாத்தான அபூ ஸைத் அல் பல்கி, உடலுக்கு நோய் வருவதுபோல் உள்ளத்துக்கும் வரும் என்று சொல்லி, பயம், துக்கம், ஓயாத எண்ணங்கள் ஆகியவற்றைத் தனித்தனியாகப் பிரித்து எழுதினார். வலிப்பால் துன்பப்பட்ட ஒரு பெண்மணி நபியவர்களிடம் வந்ததை புஹாரி பதிவு செய்திருக்கிறார். அவரை எவரும் இழிவாகப் பேசவில்லை.

ஓதிப் பார்ப்பதை நாம் தடுக்கவில்லை. துஆ நோயாளிக்குத் தெம்பு தரும். ஆனால் அது மருந்தை நிறுத்தக் காரணமாகக் கூடாது. அடிப்பது, கட்டிவைப்பது, புகை போடுவது ஆகியவை எந்தப் பெயரில் நடந்தாலும் கொடுமை. அப்படிச் செய்பவரை ஊர் ஆதரிக்கக் கூடாது. நோன்பு காலத்தில் மாத்திரையைத் தாமே நிறுத்துபவர்களுக்கும் ஒரு சொல்: வலிப்பு மருந்து திடீரென நின்றால் வலிப்பு திரும்பக்கூடும், மனநோய்க்கு லிதியம் எடுப்பவருக்கு உடலில் நீர் குறைவதே ஆபத்து. நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. ரமழானுக்கு முன்பே வைத்தியரிடமும் ஆலிமிடமும் கேளுங்கள்.

மூளை விஞ்ஞானம் ஏற்கெனவே எமது ஃபிக்ஹுக்குள் வந்துவிட்ட இடமும் உண்டு. மூளை மீளமுடியாதபடி முற்றாகச் செயலிழந்ததை நிபுணர்கள் உறுதிசெய்தால் அது மரணமே என்று 1986இல் அம்மானில் சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி தீர்மானித்தது. மறுவருடம் ராபிதாவின் (உலக முஸ்லிம் லீக்) ஃபிக்ஹ் சபை, செயற்கைச் சுவாசக் கருவியை அகற்றலாம், ஆனால் இதயம் நின்ற பிறகே மரணத்தின் சட்டங்கள் பொருந்தும் என்றது. எதை ஏற்பது என்று தீர்ப்புச் சொல்வது எமது வேலையல்ல. அதிதீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்கும் குடும்பம் இரண்டையும் முதன்முறையாக அங்கே கேட்கும் நிலை மாறவேண்டும். உலமாக்களும் வைத்தியர்களும் முன்கூட்டியே ஊருக்கு விளக்கவேண்டும்.

கதீப்மார் வருடத்தில் ஒரு ஜும்ஆவையாவது மனநலத்துக்கும் வலிப்புக்கும் ஒதுக்கும்படி கேட்கிறோம். அன்று இதையும் சொல்லுங்கள்: வலிப்பு வந்தவரின் கையில் சாவிக்கொத்தையோ இரும்பையோ திணிக்க வேண்டாம், வாயில் எதையும் வைக்க வேண்டாம், ஒருபக்கமாகச் சரித்துப் படுக்கவையுங்கள், நேரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.