எந்தப் பாம்பை வளர்க்கலாம்?



மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மலை சரிந்து லயங்களை மூடியது உங்களுக்கு நினைவிருக்கும். அன்று வீட்டை இழந்து, இப்போது பூனாகலைப் பக்கம் குடியிருக்கும் ஒரு தாயைப் பார்க்கப் போயிருந்தேன். அவருடைய பத்து வயது மகன் ஹோர்லிக்ஸ் போத்தலோடு ஓடி வந்தான். உள்ளே ஒரு சாண் நீளப் பாம்பு.

"சாரைக்குட்டி மிஸ். வளக்கப் போறேன். அம்மா நாய்க்குட்டி வேணாங்குது. இதுக்குச் சோறு போடத் தேவயில்ல."

தடித்த உடல், முக்கோணத் தலை, மேல்நோக்கி வளைந்த மூக்கு. சிங்களத்தில் குணகட்டுவா என்று சொல்லும் விரியன் அது. மூடியைத் தொடாமல் போத்தலைக் கீழே வைக்கச் சொன்னேன். அயலிலிருந்த பெரியவர் ஒருவர் அதைத் தூரத்துப் பற்றைக்குக் கொண்டுபோனார்.

இலங்கையில் நஞ்சுப் பாம்புகளில் அதிகமாகக் கடிப்பது இதுதான். சிலருக்குச் சிறுநீரகமே பாதிக்கப்படும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் கொடுக்கும் இந்திய விஷமுறிவு மருந்து இதற்கு வேலை செய்யாது. ஆனாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும். பாதிப்பைக் கவனித்துச் சிகிச்சை தர அங்கேதான் முடியும்.

"அப்ப எந்தப் பாம்ப வளக்கலாம் மிஸ்?" என்று அவன் விடவில்லை.

வெளிநாடுகளில் முதன்முதலாகப் பாம்பு வளர்ப்போர், பல தலைமுறையாகக் கூட்டிலேயே பிறந்து வளரும் சாதுவான அமெரிக்கச் சோளப் பாம்பைத்தான் பெரும்பாலும் தேர்கிறார்கள். நம் சாரை அப்படியல்ல. நஞ்சில்லை, ஆனால் பிடித்தால் சீறிக் கடிக்கும். அடைத்தால் பயத்திலேயே வாடும். கல்லுக்கட்டில் தன்பாட்டில் இருக்க விட்டால் எலியைத் தின்று நமக்கு உதவும். ஆகவே சாரையை அடிக்கவும் வேண்டாம், பிடிக்கவும் வேண்டாம். குட்டிப் பாம்புகளைப் பெரியவர்களாலேயே இனங்காண்பது கடினம். பிள்ளைகள் எதையும் தொடக்கூடாது.

மீள்குடியேறிய காணிகளில் பற்றை வெட்டும் சகோதரிகளே, சப்பாத்து அணியுங்கள். இரவில் டோர்ச் இல்லாமல் வெளியே இறங்காதீர்கள். கட்டுவிரியன் தரையில் தூங்குவோரைத்தான் அதிகம் கடிக்கும். கட்டிலும் நுளம்பு வலையும் உயிர் காக்கும். கடித்தால் வெட்டாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். காப்பு, மோதிரத்தைக் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் கொண்டுபோங்கள்.

புறப்படும்போது அந்தத் தாய் மெதுவாகச் சொன்னார்: "மண்ணுக்குள்ள போன வீட்டோட எங்க நாயும் போச்சு மிஸ். அதுக்கப்புறம் எதயும் வளக்க மனசு வரல."

நான் பதில் சொல்லவில்லை. அவர் மகனைப் பார்த்தார். "கோழிக்குஞ்சு ரெண்டு வாங்கித் தர்றேன். கூட்ட நல்லா அடைக்கணும், சாரை வந்தா குஞ்சயும் விடாது."

அவன் அப்போதே பலகை தேடத் தொடங்கிவிட்டான்.