அண்ணா சாலையில் ஒரு பெர்லின் சுவர்

பாண்டி பஜார் சாலை போய் அண்ணா சாலையில் முட்டுகிறதே, அங்கிருந்து நடந்தே போய்விடலாம் ஹயாத் ரீஜென்சி ஹோட்டலுக்கு. 2013 நவம்பரில் அங்கேதான் விஸ்வநாதன் ஆனந்தும் மாக்னஸ் கார்ல்சனும் உலக சாம்பியன் பட்டத்துக்கு மோதினார்கள். 6.5-3.5 என்று கார்ல்சன் ஜெயித்தது எல்லோருக்கும் தெரியும். ஆனால் நடந்த 10 ஆட்டங்களில் நான்கு, ஒரே தற்காப்பில் தொடங்கின. அதன் பெயர் பெர்லின்.

போனில் செஸ் ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு படியுங்கள். இரண்டு பக்கமும் ராஜா முன்னால் இருக்கும் சிப்பாய் இரண்டு கட்டம் நகர்கிறது. ஆளுக்கொரு குதிரை வெளியே வருகிறது. வெள்ளை பிஷப் பாய்ந்து போய்க் கறுப்புக் குதிரையை முறைக்கிறது. இதுவரை ரூய் லோபஸ். பொதுவாகக் கறுப்பு ஓரச் சிப்பாயைத் தள்ளி அந்த பிஷப்பை விரட்டும். பெர்லினில் அதைக் கண்டுகொள்ளாமல் இரண்டாவது குதிரையையும் இறக்கி வெள்ளையின் நடுச் சிப்பாய்க்குக் குறி வைக்கும்.

வெள்ளை காஸ்லிங் செய்தால், குதிரை அந்தச் சிப்பாயை வெட்டும். அப்புறம் மளமளவென்று வெட்டுக் குத்து. எட்டாவது நகர்த்தலில் ராணிகள் இரண்டும் காலி. கறுப்பு ராஜா, ராணியின் கட்டத்திலேயே வந்து நிற்கிறார். இனி காஸ்லிங் கிடையாது. போதாததற்கு ஒரே வரிசையில் முன்னும் பின்னுமாக இரண்டு சிப்பாய்.

கோச்சிங் கிளாஸில் இப்படி ஆடினால் திட்டு நிச்சயம்! மற்ற காய்கள் எல்லாம் வெட்டுப்பட்டு வெறும் சிப்பாய்கள் மட்டும் மிஞ்சினால் பொதுவாக வெள்ளைதான் ஜெயிக்கும். ராஜா பக்கம் வெள்ளைக்கு நாலுக்கு மூன்று. அதில் ஒன்றை ராணியாக்கிவிடலாம். மறுபக்கம் கறுப்புக்கும் நாலுக்கு மூன்றுதான், ஆனால் ஒன்றின் பின் ஒன்றாக நிற்பதால் சுலபத்தில் பாதை திறக்காது.

பிறகு ஏன் ஆடுகிறார்கள்? ராணி இல்லாத பலகையில் நடுவில் நிற்கும் ராஜாவை மிரட்டுவது கஷ்டம். கறுப்பிடம் இரண்டு பிஷப்பும் பத்திரமாக இருக்கின்றன. வெள்ளை உடைத்து நுழைய இடமே கிடைக்காது. 2000-ல் லண்டனில் கிராம்னிக் இதை வைத்துத்தான் காஸ்பரோவைத் தடுத்தார். 15 ஆட்டங்களில் காஸ்பரோவால் ஒன்றைக்கூட ஜெயிக்க முடியவில்லை, பட்டமும் போனது. ‘பெர்லின் சுவர்’ என்று சும்மாவா சொன்னார்கள்!

சென்னையில் நான்காவது ஆட்டத்தில் ஆனந்த் நேராகவே இந்தச் சுவரில் மோதினார். கார்ல்சன் தற்காத்துக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. பிஷப்பை ஆழமாக உள்ளே விட்டு ஓரச் சிப்பாயை வெட்டினார். பிழைத்தது ஆனந்த்தான்: 64 நகர்த்தல், டிரா.

ஆறாவது ஆட்டத்தில் வழியை மாற்றினார். ராணி முன்னால் இருக்கும் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்தினால் நடுச் சிப்பாய்க்குத் துணை கிடைக்கும். ராணிகளும் உடனே போகாது. யோசனை நல்லதுதான். ஆனால் ஆட்டம் யானைகளின் கடைசிக் கட்டம்வரை இழுத்தது. அங்கே தவறி, 67 நகர்த்தலில் ஆனந்த் தோற்றார். ஸ்கோர் 4-2. ஏழாவதிலும் அதே ஒரு கட்டச் சிப்பாய்தான், டிரா.

எட்டாவதில் ஆனந்துக்குக் கறுப்பு. அந்தப் போட்டியில் முதல்முறையாகக் கார்ல்சன் ராஜா சிப்பாயை நகர்த்தித் தொடங்கினார். ஆனந்த் எதை எடுத்தார் தெரியுமா? அதே பெர்லின். 33 நகர்த்தலில் டிரா.